1804 என்று பொறித்த டாலர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாணயங்களைச் சேகரிப்பவர்கள் ஒரு வெள்ளி டாலரை 'நாணயங்களின் அரசன்' என்று சொல்வார்கள். 1804 என்று ஆண்டு பொறித்த டாலர் அது. உலகம் முழுக்கத் தேடினாலும் 16 தான் இருக்கின்றன. அந்தப் பதினாறில் ஒன்றுகூட 1804ஆம் ஆண்டில் அச்சடித்தது இல்லை.

பிலடெல்பியா நாணயச்சாலையின் கணக்குப் புத்தகத்தில் 1804ஆம் ஆண்டுக்கு 19,570 வெள்ளி டாலர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கணக்கில் பொய் இல்லை. அந்தக் காலத்தில் ஆண்டு மாறினாலும் பழைய அச்சைத் தூக்கிப் போடமாட்டார்கள், தேயும்வரை பயன்படுத்துவார்கள். அதனால் அந்த டாலர்களில் முந்தைய ஆண்டுதான் விழுந்தது. அப்புறம் டாலர் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடித்த வெள்ளியெல்லாம் உள்நாட்டில் புழங்காமல் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்ததே காரணம்.

முப்பது வருடம் போனது. 1834இல் அமெரிக்க அரசு மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசருக்கும் பரிசு அனுப்ப விரும்பியது. எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் அதற்கு முந்தைய வருடம்தான் இருவரோடும் வணிக ஒப்பந்தம் செய்துவிட்டு வந்திருந்தார். நாட்டின் ஒவ்வொரு வகை நாணயத்திலும் ஒன்று வைத்து அழகான பெட்டி தயாரிக்கச் சொன்னார்கள். டாலருக்கு என்ன ஆண்டு போடுவது? கணக்கைப் புரட்டினார்கள், கடைசி டாலர் 1804 என்று இருந்தது, அதையே பொறித்துப் புதிய அச்சு செய்தார்கள். ஏமாற்றும் எண்ணம் அதில் துளியும் இல்லை.

ராபர்ட்ஸ் 'பீகாக்' என்ற போர்க்கப்பலில் கிளம்பினார். 1835இல் ஓமான் கரையருகே பவளப்பாறையில் கப்பல் தரைதட்டியது. பீரங்கிகளைக் கடலில் தள்ளித்தான் அதை மீட்க முடிந்தது. சுல்தான் சயீத் பின் சுல்தானிடம் பரிசு போய்ச் சேர்ந்த பிறகு, கப்பல் பம்பாயில் பழுதுபார்க்கப்பட்டு, கொழும்பு வழியாகச் சயாமுக்குப் போனது. ஆம், அந்த டாலர் நம் கடல் வழியாகத்தான் பயணம் செய்திருக்கிறது! 1836இல் சயாம் அரசர் மூன்றாம் ராமாவிடம் அதை ஒப்படைத்த ராபர்ட்ஸ், சில மாதங்களில் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் காலமானார்.

சரி, சேகரிப்பவர்கள் கையில் இது எப்படி வந்தது? 1842இல் நாணயச்சாலை அதிகாரிகள் இருவர் வெளியிட்ட நூலில் இந்த டாலரின் படம் வந்தது. அதைப் பார்த்த மேத்யூ ஸ்டிக்னி என்ற சேகரிப்பாளர், மறு வருடமே நாணயச்சாலைக்குப் போய், தன்னிடமிருந்த ஓர் அரிய தங்க நாணயத்தைக் கொடுத்து ஒன்றை வாங்கிவிட்டார். ஆசை பரவியது. 1850களின் கடைசியில் உள்ளே வேலை பார்த்தவர்களே திருட்டுத்தனமாக மேலும் சிலவற்றை அடித்தார்கள். ஒன்றை 1857ஆம் ஆண்டு சுவிஸ் வெள்ளி நாணயத்தின் மேலேயே அடித்திருக்கிறார்கள். பழைய உருவம் இன்னும் லேசாகத் தெரிகிறது. முதல் எட்டு பரிசு தயாரித்த காலத்தில் அடித்தவை, ஒன்று சுவிஸ் நாணயத்தின் மேல் அடித்தது, மீதி ஏழு பிறகு வந்தவை. அந்த ஏழும்கூடப் பத்து லட்சம் டாலரைத் தாண்டி விலை போகின்றன. என்னைக் கேட்டால், சுல்தானுக்கும் சயாமுக்கும் போனவற்றின் பக்கத்தில் அவற்றை வைக்கவே மனம் வராது.

இந்த உண்மை நெடுங்காலம் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. 1962இல் இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி நூல் எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்த வேளையில், சயாம் அரசரின் பெட்டி வெளியே வந்தது. ஆவணங்களை வைத்து அவர்கள் எழுதியதைப் பெட்டி உறுதிசெய்தது. 2005இல் அந்தப் பெட்டி 85 லட்சம் டாலருக்குக் கைமாறியது. சுல்தானுடையது என்று கருதப்படும் டாலர் 2021 ஏலத்தில் 76 லட்சத்தைத் தாண்டியது.

யாராவது உங்களிடம் 1804 டாலரை நீட்டினால் தயவுசெய்து பணத்தை எடுக்காதீர்கள். பெரும்பாலும் புதிய நகலாக இருக்கும், அல்லது 1801இன் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியதாக இருக்கும். உண்மையானதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் மூன்று வகையிலும் ஒவ்வொன்று இருக்கிறது.

நன்றி, வணக்கம்.