நுரை வெளுக்கும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

திண்டுக்கல் பைபாஸ் ஓரம் 19 வருடமாக வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். டயர் பாலிஷைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது முதலில் சிரிப்புதான் வந்தது. அதில் பேச என்ன இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுமே என்றேன். அப்புறம் வீட்டுக்குப் போய் யோசித்தால், கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் சண்டை போட்ட விஷயமே அதுதான். உள்ளே தூசி உறிஞ்சியது சரியில்லை என்று யாரும் திரும்பி வந்ததில்லை. ‘நேத்துப் போட்ட பாலிஷ் இன்னைக்கு எங்கய்யா?’ என்று வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவர், வெள்ளைக் கார். மகள் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வந்தார். நான் கடை வைத்த இரண்டாவது வருடம் அது. ‘நல்லா மினுமினுன்னு இருக்கணும் தம்பி’ என்றார். எனக்கும் ஆர்வம். கழுவிய ஈரம் காயும் முன்பே டப்பாவைத் திறந்து நாலு டயரிலும் தாராளமாக ஊற்றித் தேய்த்துவிட்டேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. பத்து ரூபாய் கூடவே கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கார் கடை வாசலில் நிற்கிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால், கதவின் கீழ்ப்பாதி வரைக்கும், கறுப்புக் கறுப்பாகப் பொட்டு. பேனாவை உதறியதுபோல. ‘என்னப்பா, மாப்பிள்ளை வீட்டுல காருக்கு அம்மை போட்டிருக்கான்னு கேட்பாங்களே’ என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஷாம்புக்கு அந்தப் பொட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, மறுபடி கழுவி அனுப்புவதற்குள் அவர் மூன்று முறை கடிகாரம் பார்த்துவிட்டார். டப்பாவின் மேல்தான் எனக்குக் கோபம். ஆனால் பிறகு அதே டப்பாவிலிருந்து எடுத்து, என் மாமா காருக்கு நிதானமாக, வேறு விதமாகப் போட்டேன். பத்து நாள் நின்றது, ஒரு பொட்டுகூடத் தெறிக்கவில்லை. அந்த வேறு விதம் என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

டயருக்குப் பாலிஷ் போடுவதைச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி நினைத்துக்கொள்கிறோம். சுவர் அசையாது. சாதாரணக் கார் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அது 500 தடவைக்கு மேல் சுற்றுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 700 சுற்றை நெருங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டு ரப்பர் பிதுங்கி, மேலே வந்ததும் பழையபடி இழுத்துக்கொள்ளும். கூடவே வெயில், சூடு, புழுதி, மழைத் தண்ணீர். இத்தனைக்கும் நடுவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ரப்பரோடு நேராக ஒட்டியிருந்தால்தான் அது முடியும். பெரும்பாலான கார்களில் அது ரப்பரில் ஒட்டுவதே இல்லை. ரப்பர் மேல் இருக்கும் அழுக்கில்தான் ஒட்டுகிறது. அழுக்கு போகும்போது கூடவே பாலிஷும் போகிறது, அவ்வளவுதான்.

அந்த அழுக்கில் பாதி தெருவிலிருந்து வந்ததல்ல, டயருக்குள்ளிருந்தே வந்தது. ரப்பரின் இயல்பான நிறம் கறுப்பு கிடையாது. அந்தக் காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. மிஷலின் நிறுவனத்தின் டயர் பொம்மை 1898-இல் விளம்பரத்துக்கு வந்தது, அது வெள்ளையாக இருப்பதும் அதனால்தான். பிறகு கார்பன் பிளாக் என்ற கரித்தூளைக் கலந்தார்கள். ரப்பர் உறுதியானது, வெயிலையும் தாங்கியது, நிறமும் கறுத்தது. அதோடு இன்னொன்றும் கலக்கிறார்கள். காற்றில் இருக்கும் ஓசோன், ரப்பரை வெடிக்க வைக்கும். அதைத் தடுக்க ஒரு மருந்து, கொஞ்சம் மெழுகு. இவை உள்ளிருந்து மெதுவாக மேலே கசிந்து வந்துகொண்டே இருக்கும். நம் உடம்பில் வியர்வை வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்த மருந்து ஓசோனோடு சேர்ந்து பழுப்பாகிவிடும். புழுதியே படாமல் ஷெட்டில் நிற்கும் காரின் டயர்கூடச் செம்பட்டையாகத் தெரிவது இதனால்தான்.

இதன்மேல் பழைய பாலிஷ், பிரேக்கிலிருந்து வரும் தூள், தார், நம்மூர்ச் செம்மண் எல்லாம் ஏறிக்கொள்ளும். பிரஷர் பம்பில் தண்ணீர் அடித்தால் மண் போகும், பழுப்பு போகாது. ஈரத்தில் பார்க்கும்போது டயர் கறுப்பாகத்தான் இருக்கும், அதில் ஏமாந்துவிடுவோம்.

வீட்டில் செய்கிறவர்கள் ஒரு டயரை மட்டும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். டயர் கிளீனர் இருந்தால் அது, இல்லையென்றால் கார் ஷாம்புவைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கிற பிளாஸ்டிக் பிரஷ் போதும். கம்பி பிரஷ் வேண்டாம், ரப்பரைக் கீறிவிடும். நனைத்து, தெளித்து, ஒரு நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள். முதல் தேய்ப்பில் வரும் நுரையைப் பார்த்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். கழுவிவிட்டு இரண்டாவது முறை தேயுங்கள், டீ கொஞ்சம் வெளுத்திருக்கும். நுரை வெள்ளையாக வரும் வரை நிறுத்தக்கூடாது. மூன்று தடவையும் ஆகலாம், ரொம்ப நாள் பாலிஷ் போட்டுப் போட்டு மூடிய டயராக இருந்தால் ஐந்து தடவையும் ஆகலாம். எழுத்து பொறித்திருக்கும் இடத்திலும் ரிம்மை ஒட்டிய மடிப்பிலும் பிரஷின் நுனியைக் கொடுத்துத் தேயுங்கள். அழுக்கு ஒளிவது அங்கேதான்.

புது டயர்தானே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். புது டயரில்தான் கட்டாயம் தேய்க்க வேண்டும். டயரை அச்சில் வார்த்து எடுக்கும்போது ஒட்டாமல் கழன்று வர ஒரு பூச்சு பூசுகிறார்கள். ஒட்டக்கூடாது என்பதற்காகவே பூசியதன் மேல் பாலிஷ் போட்டால் எப்படி ஒட்டும்?

இப்படி முழுசாகத் தேய்ப்பதை வாரா வாரம் செய்யக்கூடாது. அந்தப் பழுப்பு, டயர் தன்னைக் காத்துக்கொள்ளச் செலவழித்த மருந்து. கடுமையான கிளீனரைப் போட்டு அடிக்கடி உரித்துக்கொண்டே இருந்தால், காப்பாக இருக்கும் மெழுகும் சேர்ந்து போகும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை முழுத் தேய்ப்பு, மற்ற நேரம் ஷாம்பு போட்டு ஒரு லேசான தேய்ப்பு, இதுதான் என் கடை வழக்கம். அலாய் வீலுக்கு என்று விற்கிற ஆசிட் கலந்த திரவங்களை டயர் பக்கமே கொண்டுபோக மாட்டேன்.

சரி, கழுவியாயிற்று. அடுத்தது காய வைப்பது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. டயரைத் தானாகக் காயவிட்டால் வெள்ளையாக உப்புப் படியும், அதன்மேல் பாலிஷ் போட்டால் நாலாவது நாள் திட்டுத் திட்டாக வெளுக்கும். பழைய துணியால் துடைத்துவிட்டு, கம்ப்ரஸர் இருந்தால் எழுத்து இடுக்கில் காற்று அடிப்போம். கம்ப்ரஸர் இல்லாதவர்கள் நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். வெயிலில் வேண்டாம். ஓடி வந்த சூட்டோடும் போடக்கூடாது. புறங்கையை டயரில் வைத்தால் சுடக்கூடாது, அதுதான் அளவு.

பாலிஷில் இரண்டு குடும்பம் உண்டு. பால் மாதிரி வெள்ளையாக இருப்பது தண்ணீரில் கலந்தது. தெளிவாக, தின்னர் வாடையோடு பிசுபிசுவென்று இருப்பது பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது. பளபளப்பு தருவது பெரும்பாலும் இரண்டிலும் சிலிக்கோன் எண்ணெய்தான். இரண்டாவது அதிகம் மினுக்கும், மழையையும் கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனால் அளவு மீறினால் தெறிக்கும், புழுதியும் அப்பிக்கொள்ளும். வாத்தியார் காரில் நான் கொட்டியது அதுதான். தினம் ஓடும் காருக்குப் பால் மாதிரி இருப்பதையே நான் சிபாரிசு செய்வேன். கண்ணாடி மாதிரி மினுக்காது. புது டயர் கடையில் தொங்கும்போது இருக்குமே ஓர் அடக்கமான கறுப்பு, அது வரும். எனக்கு அதுதான் அழகு. இப்போது கோட்டிங் என்று காய்ந்து இறுகிவிடும் வகையும் வந்திருக்கிறது. மாதக்கணக்கில்கூட நிற்கும், ஆனால் தேய்ப்பில் ஒரு விரல்கடை விட்டுப்போனாலும் அங்கிருந்து உரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எதை வாங்கினாலும் டயர் மேல் நேராக அடிக்காதீர்கள். ஸ்பிரே காற்றில் பறந்து பிரேக் டிஸ்க்கில் விழுந்தால் பிரேக் பிடிக்காமல் போகலாம். ஸ்பாஞ்சில் ஊற்றிப் பூசுங்கள், ஒரு டயருக்கு இரண்டு டீஸ்பூன் அளவு போதும். பற்றாது என்றுதான் தோன்றும், ஆனால் பற்றும். நன்றாகப் பரப்பித் தேய்த்து, 20 நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் ஒரு சுற்று துடையுங்கள். கையிலிருக்கும் பாலிஷைத் துடைத்துப் போடுகிறோமே என்று மனசு கேட்காது. துணியில் வருவது டயர் குடிக்காத மிச்சம், விட்டுவைத்தால் அதுதான் கதவில் போய் ஒட்டும். அப்புறம் இதே மாதிரி மெல்லிசாக இரண்டாவது பூச்சு. முடிந்ததும் ஆள்காட்டி விரலால் டயரை ஒரு இழு இழுத்துப் பாருங்கள். விரல் வழுக்கினால் இன்னும் துடைக்க வேண்டும், உலர்ந்த மாதிரி இருந்தால் வண்டி எடுக்கலாம். ராத்திரி முழுக்க நிற்க விட்டால் இன்னும் நல்லது.

பட்டன் இருக்கும் பகுதியில், அதாவது தரையில் படும் இடத்தில், ஒரு துளியும் படக்கூடாது. வழுக்கும். பைக்கில் வரும் பையன்கள் ‘எனக்கும் டயரை ஷைன் பண்ணுங்கண்ணே’ என்பார்கள். பணம் கொடுத்தாலும் செய்ய மாட்டேன். பைக் வளைவில் சாயும்போது டயரின் ஓரம்தான் தரையைப் பிடிக்கிறது.

டீசல், பழைய இன்ஜின் ஆயில் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்குக் கறுப்பாகத்தான் இருக்கும். எண்ணெய் ரப்பருக்குள் ஊறி உப்ப வைத்து, மெதுமெதுவாகக் கெடுத்துவிடும். கிளிசரினைத் தண்ணீரில் கலந்து அடிப்பது அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துப் புழுதியைக் கூட்டும், முதல் மழையிலேயே கரைந்து ஓடிவிடும்.

கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன ஓசோன் மருந்தின் பெயர் 6பிபிடி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒவ்வொரு மழைக்கும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. டயர் துகளிலிருந்து கழுவிவந்த அந்த மருந்து, ஓசோனோடு சேர்ந்து உருமாறி மீன்களைக் கொன்றது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. விரிசலைப் பாலிஷ் மறைக்கும், அந்த எண்ணை மறைக்காது.

கடைசியாக எல்லாரும் கேட்பது, எத்தனை நாள் நிற்கும்? சொன்னபடி செய்தால், மழை இல்லாத மாதத்தில் பத்து நாள், இரண்டு வாரம். தினமும் மண் ரோட்டில் போகிறவருக்கு ஒரு வாரம். ஐப்பசி மழையில் என்னிடம் கேட்காதீர்கள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் விடிகாலை நாலு மணிக்கே வரிசை நின்றுவிடும். அன்றைக்கு ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும், நுரை வெளுக்கும் வரை தேய்க்க யாருக்கும் நேரம் இருக்காது. எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பிப் பக்கத்து ஊர் போய்ச் சேர்வதற்குள் பாதி பாலிஷ் கதவில் இருக்கும். இரண்டு நாள் முன்னாடி, சாயங்காலமாகக் கொண்டுவாருங்கள். வாத்தியார் இப்போதும் அப்படித்தான் வருகிறார், கையில் ஒரு காய்ந்த துணியோடு.

வணக்கம்.