செய்தது யார்?

நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

துப்பறியும் கதை, குரோஷா பின்னல், ஆலயத்துப் பெண்கள் சங்கம். இந்த மூன்றையும் சேர்த்துப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பள்ளிக்கூட வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, என் மாலை நேரங்கள் இந்த மூன்றோடுதான் போகின்றன. மூன்றிலும் ஒரே கேள்விதான் ஓடுகிறது. செய்தது யார்? கதையில் அது ஒரு கெட்ட காரியத்தைப் பற்றிய கேள்வி. எங்கள் சங்கத்தில் பல நேரம் அது ஒரு நல்ல காரியத்தைப் பற்றிய கேள்வி.

முதலில் கதை. துப்பறியும் கதைகளில் எனக்குப் பிடித்தது ரத்தத்தைக் காட்டாத வகை. கொலை நடக்கும், ஆனால் அது நம் கண்முன் நடக்காது. துப்பாக்கி வைத்த அதிகாரியும் இருக்கமாட்டார். சின்ன ஊர், ஒரு தபால் ஆபீஸ், ஒரு கோயில், எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். அங்கே யாரும் பொருட்படுத்தாத ஒரு பெண் உண்மையைக் கண்டுபிடிப்பாள். இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி 1927 டிசம்பரில் வந்த ஒரு சிறுகதையில் மிஸ் மார்ப்பிள் என்ற வயதான அம்மாளைக் கொண்டுவந்தார். ஆறு பேர் செவ்வாய்க்கிழமைதோறும் கூடி, ஆளுக்கொரு மர்மத்தைச் சொல்லி விடை தேடுவதென்று முடிவு செய்கிறார்கள். எழுத்தாளர், ஓவியப் பெண், போலீசில் பெரிய பதவியிலிருந்தவர், பாதிரியார், வக்கீல், இவர்களோடு கம்பளி பின்னிக்கொண்டு மூலையில் இந்த அம்மாள். அவரையும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுக்கவே மற்றவர்களுக்கு முதலில் தோன்றவில்லை.

அந்த அம்மாள் சொல்லும் முதல் மர்மமே எனக்கு நெருக்கமானது. ஊரில் ஒருத்தி உரித்த இறால் வாங்குகிறாள். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து பார்த்தால் இறாலைக் காணோம். இதைப் போய் ஒரு மர்மம் என்று சொல்கிறாரே என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் இறால் எங்கே போனது என்று அக்கறையாகக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் தெரிகிறது. அவர் வரும் முதல் நாவல் 1930-ல் வெளியானது. கொலை நடக்கும் இடம் பாதிரியார் வீடு, கதையைச் சொல்பவரும் பாதிரியார். 1954-ல் வந்த ஒரு சிறுகதையில், கோயிலில் பூ அடுக்கப் போன பாதிரியாரின் மனைவி, உள்ளே ஒருவர் குற்றுயிராய்க் கிடப்பதைக் காண்கிறார். அந்தக் கதையில் கிடைத்த பணத்தை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய நிதிக்கே கிறிஸ்டி கொடுத்துவிட்டார். எங்கள் ஊர் ஐயரம்மாவும், அதாவது பாதிரியாரின் மனைவியும், சனிக்கிழமை மாலை பூ அடுக்கத்தான் கோயிலுக்குப் போவார். அதனாலேயே அந்தக் கதையைப் படித்த வாரம் அவருக்குத் துணையாக நானும் போனேன்.

கத்தோலிக்கத் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவள் சொல்வாள், இதெல்லாம் எங்கள் வேதாகமத்திலேயே இருக்கிறது டீச்சர் என்று. தானியேல் ஆகமத்தில் அவர்களுக்குப் புராட்டஸ்டண்டுகளான எங்களைவிடக் கூடுதலாக அதிகாரங்கள் உண்டு. சூசன்னா என்ற பெண்மேல் இரண்டு மூப்பர்கள் பழி போடுகிறார்கள். தானியேல் அவர்களைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று கேட்கிறான். ஒருவன் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவன் வேறு மரத்தைச் சொல்லிவிடுகிறான். அடுத்த அதிகாரத்தில், பேல் தெய்வத்தின் கோயிலில் படைக்கும் உணவு ராவோடு ராவாக எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, தரையில் சாம்பலைத் தூவி வைக்கிறான். காலையில் பார்த்தால் பூசாரிகளும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் நடந்த காலடிகள்! இதைக் கேட்ட அன்று இரவே அவளிடம் அந்த வேதாகமத்தை இரவல் வாங்கிப் படித்தேன்.

இனி பின்னல் நூலுக்கு வருகிறேன். மிஸ் மார்ப்பிள் கையில் ஏன் பின்னல் இருக்கிறது? கதைக்கு அழகு என்பதோடு விட்டுவிட முடியாது. குரோஷா ஊசி பிடித்தவர்களுக்குத் தெரியும். சங்கிலி போட்டு, கம்பம் எடுத்து, ஒரு வரிசை பழகிவிட்டால் எண்ணிக்கையை விரல் பார்த்துக்கொள்ளும். காதும் கண்ணும் சும்மா இருக்கும். இன்னொன்றும் உண்டு. கைவேலை செய்கிற இடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத துக்கத்தை நூலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மருமகன் குடிப்பதை, மார்பில் கட்டி தட்டுப்படுவதை, மகள் மூன்று மாதமாகப் போன் பண்ணாததை, எங்கள் பெண்கள் ஊசியைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறார்கள். கேட்பவளும் ஊசியைப் பார்த்துக்கொண்டே, “நாளைக்கு நான் உன்கூட ஆஸ்பத்திரிக்கு வாரேன்” என்பாள். பிறகு பாமாலை பாடி, ஜெபித்து, பிடியரிசி அளந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்துச் சங்கத்துக்குக் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். பல காரியங்கள் அந்த அரிசியில் நடந்திருக்கின்றன.

இந்த நூல்வேலைக்குத் தென்கோடியில் இருநூறு வருஷத்துச் சரித்திரம் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, ரேந்தை என்ற லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த மகள் எலைசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, நெல்லைச் சீமைத் தேரிக்காட்டு இடையன்குடிக்கு அந்த வேலையைக் கொண்டுவந்தார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-ல் வந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவர் மனைவி நடத்திய பள்ளியையும் அந்தப் பிள்ளைகள் பின்னிய ரேந்தையையும் பற்றிச் சொல்ல ஆளில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அந்த ரேந்தை குரோஷா அல்ல. கெட்டியான ஒரு திண்டின் மேல் ஊசித்துளையிட்ட மாதிரிக் காகிதத்தை வைத்துக் குத்த வேண்டும். சிறு சிறு மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி ஜோடி ஜோடியாகத் தொங்கவிட வேண்டும். கட்டைகளைக் குறுக்கே மாற்றுவது, முறுக்குவது, இந்த இரண்டே அசைவுகள்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குண்டூசி நூலைப் பிடித்து நிற்கும். இரண்டு அசைவில் இலையும் பூவும் கொடியும் வரும். ஒரு விரற்கடை நீளத்துக்கு மணிக்கணக்காகும். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே ரேந்தைக் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. தன் விரலாலேயே தன்னை விலைக்கு வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் பாருங்கள். 1897-ல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியக் கன்னியர்களும் ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுத்துத்தான் தங்கள் ஊழியத்தை வளர்த்தார்கள். இந்தப் பெண்கள் செய்த ரேந்தை கப்பலேறிச் சீமைக்குப் போனது. மிஷன் பெயரும் ஊர்ப் பெயரும் அதோடு போயின. பின்னியவள் பெயர் போகவில்லை.

வேதாகமத்தில் ஒரு பெயர் மட்டும் தப்பியிருக்கிறது. யோப்பா பட்டணத்துத் தபீத்தாள், அதாவது தொற்காள். அவள் இறந்தபோது பேதுரு வருகிறார். மேல்வீட்டில் விதவைகள் அழுதுகொண்டே, அவள் தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் நல்லவள் என்று நீளமாகப் பேசவில்லை, தைத்த துணியைக் காட்டினார்கள். மர்மக் கதை படிக்கிற எனக்கு அது சாட்சியம் ஒப்படைக்கிற இடமாகத்தான் படும். நம் சபைகள் பலவற்றில் தையல் செய்யும் பெண்கள் தொற்காள் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு அவள்தான் காரணம்.

இப்போது எங்கள் சங்கத்து மர்மம் ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் இன்று இல்லை. அவருடைய மகளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே சொல்கிறேன்.

ஒரு வருஷம், லெந்து என்ற தவக்காலம் முடிந்து உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு வெள்ளை விரிப்பு எடுக்கப் போனபோது, கோயில் பீரோவில் ஒரு பொட்டலம் இருந்தது. செய்தித்தாளில் சுற்றியிருந்தது. உள்ளே பீடத்து விரிப்புக்கு அளவெடுத்ததுபோல் பூப்பூவாய்ப் பின்னிய குரோஷா ஓரம். பெயர் இல்லை, சீட்டு இல்லை. கோயில் வேலை பார்க்கும் குட்டியாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே வந்தது. எனக்குப் பொறுக்குமா? நூலைப் பார்த்தேன், நாற்பதாம் நம்பர் வெள்ளை, எந்தக் கடையிலும் கிடைப்பது. செய்தித்தாள் எல்லார் வீட்டிலும் வாங்குவது. பிறகு ஒருநாள் பூக்களைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்கும்போது பிடிபட்டது. வலக்கையால் வட்டமாகப் பின்னினால் வரிசை இடஞ்சுழியாகப் போகும். இவை வலஞ்சுழியாகப் போயிருந்தன. பின்னியவள் இடக்கைக்காரி.

ஆனால் எங்கள் சபையில் இடக்கையால் எழுதுகிற பெண் யாருமே இல்லை. சங்கத்தில் மூத்த ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி சிரித்தார். “எங்க காலத்துல பீச்சாங்கையால எழுதினா வாத்தியார் முட்டியில அடிப்பாரு. அடிக்குப் பயந்து எழுத்து வலதுகைக்கு மாறும், மத்த வேலை மாறுமாட்டி?” என்றார். அந்த வருஷத்து அசனம் என்ற சபை விருந்துக்குச் சமையல் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஈருள்ளி, அதாவது வெங்காயம், உரித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தியின் கத்தி இடக்கையில் இருந்தது. கணவர் வாங்கிய கடனால் வீட்டில் பெரிய அவமானம் நேர்ந்து, சந்தாகூடக் கட்ட முடியாமல் சங்கத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டவர் அவர். நான் ஆச்சியின் கையைப் பிடித்தேன். ஆச்சி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கண்டுபிடிச்சாச்சுல்லா, பெறவென்ன? ஈருள்ளிய உரி” என்றார்.

நான் படித்த கதைகளில் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஓர் அறையில் கூட்டி, செய்தது இவர்தான் என்று கைகாட்டுவார்கள். ஆச்சி செய்தது வேறு. அடுத்த கூட்டத்தில், பீடத்து விரிப்புக்கான நூலைச் சங்கச் செலவிலேயே வாங்கிக் கோயில் பீரோவில் வைப்போம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பின்னட்டும் என்று தீர்மானம் போடவைத்தார். நூல் குறைந்தது, பண்டிகைக்குக் குரோஷா ஓரம் வந்தது. அவர் சொந்தக் காசில் நூல் வாங்கி வந்த கஷ்டம் அதோடு நின்றது. அப்படியே சில வருஷம் போனது. ஒரு திங்கட்கிழமை அவர் சங்கத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவரே, “ஆச்சி, பீரோவுல நாப்பதாம் நம்பர் நூல் தீந்துபோச்சு” என்றார். “அடுத்த வாரம் வாங்கிருவோம்” என்றார் ஆச்சி. அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு ஜெபத்தில் வாய் திறக்க முடியவில்லை.

இதே கண்தான் வேறு வேலையும் செய்யும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் பெண் எந்தப் பையனோடு பேசினாள், யார் காணிக்கை கொஞ்சமாகப் போட்டார்கள் என்று பார்த்து, ஆலய வாசலிலேயே பேசிக் கலைவதும் பெண்கள் கூட்டத்தில் உண்டு. வேறு சாதியில் கல்யாணம் செய்த ஒரு பெண்ணைப் பேசிப் பேசியே ஒரு சபையிலிருந்து அகற்றியதை நான் அறிவேன். கவனிக்கத் தெரிந்தவர்கள் சேர்ந்திருக்கும் இடத்தில், கண்டதை என்ன செய்வது என்று சொல்லித்தர ஓர் ஆச்சி வேண்டும். எங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

இப்போது எங்கள் சங்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கோயிலில் இருக்கும் ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு பக்கம். யார் பின்னியது, எந்த வருஷம், என்ன நூல், மாதிரி யாரிடம் கற்றது. பெயர் வேண்டாம் என்பவர்களுக்குப் பெயர் எழுதுவதில்லை. மேலே சொன்னவருக்கு அவர் மகள் சம்மதத்தோடு எழுதிவிட்டோம். பழைய ரேந்தைகளில் பாதிக்குமேல் பெயர் தெரியவில்லை, எண்பது வயதைக் கடந்தவர்களிடம் வீடுவீடாகப் போய்க் கேட்டு வருகிறோம்.

நேயர்களின் வீட்டிலும் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ரேந்தை ஏதாவது இருக்கலாம். அதை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். காற்றுப் போகாமல் மஞ்சளடிக்கும். வெளுப்புக்காரம் போடாமல், மென்மையான சோப்பு நீரில் அலசி, பிழியாமல் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். வைக்கும் முன்பு வீட்டில் மூத்தவர்களிடம் இதைச் செய்தது யார் என்று கேட்டு, ஒரு தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனா மை நூலில் இறங்கிவிடும், பென்சில் நிற்கும். அதை இந்த வாரமே செய்யுங்கள், சொல்லக்கூடியவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.