வினிபெக் – சர்ச்சில்: எத்தனை கிலோமீட்டர்?

[திரையில்: கனடா வரைபடம். மானிடோபா மாகாணம் பெரிதாகிறது]

வினிபெக்கிலிருந்து ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சிலுக்கு எவ்வளவு தூரம்? ஒரு இடத்தில் 1,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், இன்னொரு இடத்தில் 1,700. இரண்டும் சரிதான்.

முதலில் நேர்க்கோட்டுத் தூரம். வினிபெக் 49.9 பாகை வடக்கு, சர்ச்சில் 58.8. வித்தியாசம் சுமார் 8.9 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 985. கிழக்கே 3 பாகை நகர வேண்டும். அந்த வடக்கில் ஒரு தீர்க்கப் பாகை 65 கிலோமீட்டர்தான், ஆக 190 சொச்சம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஆயிரத்தைத் தொடும். விமானம் போகும் தூரம் ஏறக்குறைய இதுதான், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

[திரையில்: ரயில் பாதை சிவப்புக் கோடாக வளைகிறது]

சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. ரயிலோ வடக்கே போவதற்கு முதலில் மேற்கே திரும்பி, பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவனுக்குள் நுழைந்து, தி பா (The Pas) என்ற ஊர் வழியாக மானிடோபாவுக்குத் திரும்பி வருகிறது. நடுவில் தாம்ப்சன் ஊருக்காக ஒரு கிளைப் பாதையில் போய், அதே வழியில் வெளியே வர வேண்டும். கடைசியில் இன்னொரு திருப்பம்: பாதையை முதலில் அதே விரிகுடாவில் சர்ச்சிலுக்குத் தெற்கே இருக்கும் போர்ட் நெல்சனை நோக்கித்தான் போட்டார்கள். 1927-இல் துறைமுகத்துக்குச் சர்ச்சிலே மேல் என்று முடிவாக, தண்டவாளம் வடக்கே ஒடிந்தது. 1929-இல் ஊரை எட்டியது.

இப்படித்தான் 1,700 ஆனது. அட்டவணைப்படியே ஏறக்குறைய இரண்டு நாள். சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாது.

[திரையில்: தண்டவாளத்தின் குறுக்குவெட்டுப் படம்]

வேகத்தைக் கெடுப்பது தரை. மேலே மட்கிய தாவரங்களாலான, நீர் ஊறிய கரிச்சேறு, அதன் கீழே நிரந்தர உறைமண். உறைமண் இளகும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் அமிழும், தண்டவாளம் அலை அலையாகும். வேகமாகப் போனால் பெட்டி தடம் புரளும். பாதையோரம் பழைய தந்திக் கம்பங்களைப் பாருங்கள்: மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒற்றைக் கம்பத்தை நட்டால் உறையும் மண் அதை மேலே தள்ளிச் சாய்த்துவிடும். 2017 மே மாத வெள்ளம் இந்தப் பாதையைப் பல இடங்களில் அரித்துவிட்டது. ஒன்றரை வருடம் ரயில் இல்லை. மளிகைகூட விமானத்தில்தான் வந்தது.

நேரம் மிச்சப்பட வேண்டுமா? 6-ஆம் எண் நெடுஞ்சாலையில் தாம்ப்சன் வரை காரில் போங்கள்: சுமார் 760 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். அங்கிருந்து ரயிலில் 16 மணி நேரம்தான். எங்கள் கணிப்பில் ரயிலிலும் போக வேண்டும், நேரமும் குறைய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. வழியில் வரும் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் டேங்கை நிரப்பாமல் கிளம்பாதீர்கள். அடுத்த பங்க் வெகு தூரம், பல இடங்களில் செல்போன் சிக்னலும் இருக்காது.

ரயில் வாரத்துக்கு இரண்டே தடவை. அக்டோபர், நவம்பரில் பனிக்கரடி பார்க்க வரும் கூட்டத்தில் இருக்கையும் அறையும் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். திரும்பும் ரயில் பல மணி நேரம் தாமதமாகலாம். வினிபெக்கில் அன்றைக்கே விமானம் பிடிப்பதாக டிக்கெட் போடாதீர்கள், குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.