காலத்தை வாசலில் நிறுத்தாதீர்கள்

நடுவர் அவர்களுக்கும், நான் எழுந்ததுமே பேனாவைத் திறந்துவிட்ட எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

“அமெரிக்க நாவலையும் சினிமாவையும் புரிந்துகொள்ளப் படைப்பே போதுமா, அது பிறந்த காலமும் வேண்டுமா?” இதுதான் தலைப்பு. காலமும் வேண்டும் என்பது எங்கள் அணி. படைப்பை ஒழுங்காகப் படிக்க வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக முதலில் பேசிய ஐயா அரைமணி நேரம் எங்களைத் திட்டினார், அது அவர் இஷ்டம்.

அவருக்கு அடுத்துப் பேசிய அம்மா மட்டும் கெட்டிக்காரத்தனமாக ஓர் உதாரணம் வைத்தார். கைதட்டலும் நன்றாக விழுந்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய ஓஸ் மந்திரவாதி கதை. 1964-இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். இது குழந்தைக் கதையே இல்லை, 1890-களின் அமெரிக்க அரசியல் என்றார். வைக்கோல் பொம்மை விவசாயி, தகர மனிதன் ஆலைத் தொழிலாளி, பயந்தாங்கொள்ளிச் சிங்கம், விவசாயிகள் பக்கம் நின்ற அரசியல் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மஞ்சள் செங்கல் பாதை தங்கம். கதை நாயகி டோரதியின் வெள்ளிச் செருப்பு, வெள்ளியையும் நாணயமாக அடிக்கச் சொன்ன விவசாயிகளின் கோரிக்கை. அமெரிக்க வகுப்பறைகளில் இது பரவலாகப் போனது. கடைசியில் 1992-இல் பாம் அந்த அரசியலின் ஆதரவாளர் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று லிட்டில்ஃபீல்டே ஒப்புக்கொண்டார். “வரலாற்றைக் கூட்டிவந்தால் இதுதான் கதி” என்று முடித்தார் அம்மா.

சரி. அந்த விளக்கத்தைக் கவிழ்த்தது எது? கதையை இன்னொரு தடவை உன்னிப்பாகப் படித்தா கவிழ்த்தார்கள்? கதைக்குள் வெள்ளிச் செருப்பு இருக்கிறது, மஞ்சள் பாதை இருக்கிறது, எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. உள்ளேயே உட்கார்ந்திருந்தால் லிட்டில்ஃபீல்டை அசைக்க முடியாது. அசைத்தவர்கள் பழைய பேப்பரைப் புரட்டியவர்கள். 1896 அதிபர் தேர்தலில் பிரையனை எதிர்த்து நின்ற மெக்கின்லியை ஆதரித்து பாம் எழுதிய கவிதை ஒரு சிகாகோ நாளிதழில் அச்சாகியிருந்தது. ஆக, அரைகுறை வரலாற்றை முழு வரலாறு திருத்தியது. அம்மா கூட்டிவந்த சாட்சி எங்கள் சாட்சி!

இதே அம்மா 1946-இல் விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் எழுதிய கட்டுரையையும் எடுத்துக் காட்டினார். எழுதியவர் என்ன நினைத்தார் என்பதை வைத்துப் படைப்பை எடைபோடக் கூடாது என்ற வாதம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாதே அம்மா! பாம் எந்தக் கட்சி என்பது பொருட்டே இல்லை என்றால் லிட்டில்ஃபீல்ட் தோற்கவில்லை. அவர் தோற்றார் என்றால் அது பொருட்டுதான். எதை விடப்போகிறீர்கள்?

இன்னொன்று. 1939 படத்தில் அந்தச் செருப்பு சிவப்பாகிவிட்டது. சிவப்பு என்றால் ஆசை, சிவப்பு என்றால் ரத்தம் என்று படத்துக்குள்ளேயே இருந்து பத்துப் பக்கம் எழுத ஆள் இருக்கிறது. காரணம் டெக்னிகலர். புதிதாகக் கிடைத்த வண்ணம் திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நினைத்தார்கள், மாற்றினார்கள்.

எழுதியவரின் மனசை விடுங்கள். நாங்கள் கேட்பது அதைவிடப் பெரியது. எழுதிய காலத்துச் சட்டம், சந்தை, பயம். டோனி மாரிசன் 1987-இல் எழுதிய ‘பிலவ்ட்’ நாவலைப் பாருங்கள். கென்டக்கியில் அடிமையாக இருந்த தாய் ஆற்றைக் கடந்து ஓஹையோவுக்குத் தப்பி வந்து 28 நாள் ஆகிறது. நான்கு பேர் குதிரையில் வருகிறார்கள். பண்ணையை நடத்துகிறவன், அவன் மருமகன், அடிமை பிடிக்கிறவன், கூடவே ஷெரிஃப். அவர்களைக் கண்டதும் தாய் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடி, தன் பெண் குழந்தையைத் தன் கையாலேயே கொல்கிறாள்.

நம் ஊரில் முதல்முறை படிக்கிற பிள்ளை என்ன கேட்கும்? ஓஹையோவில்தான் அடிமைமுறை கிடையாதே, ஷெரிஃப் ஏன் அந்தப் பக்கம் நிற்கிறான், அவள் போலீஸிடம் போகலாமே? 1850-இல் வந்த சட்டம் தெரியாவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தப்பி வந்தவரைச் சுதந்திர மாநிலத்திலும் பிடிக்கலாம். பிடிக்க மறுக்கும் கூட்டாட்சி அதிகாரிக்கு 1,000 டாலர் அபராதம். பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்லக்கூட முடியாது. அவளுக்கு ஓட இடமே இல்லை! சட்டத்தை எடுத்துவிட்டால் அவள் பித்துப் பிடித்தவள். சட்டத்தைப் பக்கத்தில் வைத்தால் அவளை அப்படிச் சொல்ல நாக்கு வராது.

மாரிசனுக்கு இந்தக் கதை ஒரு பழைய பத்திரிகைச் செய்தியிலிருந்து கிடைத்தது. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற பெண் சின்சினாட்டியில் செய்த காரியம் அது. அவளுடைய வக்கீல் அவள்மேல் கொலை வழக்கு நடத்தச் சொல்லி மன்றாடினார். கொலைக் குற்றவாளி என்றால் மனுஷி என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். நடக்கவில்லை. சொத்து என்று சொல்லிக் கென்டக்கிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சினிமாவுக்கு வருகிறேன். முதலில் பேசிய ஐயா 1915-இல் கிரிஃபித் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தின் எடிட்டிங்கைப் புகழ்ந்தார். குடிசைக்குள் ஒரு வெள்ளைக் குடும்பம், கதவை உடைக்கும் கறுப்பினப் படை, இன்னொரு பக்கம் வெள்ளை அங்கியில் குதிரை விரட்டி வரும் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல். மாற்றி மாற்றி வெட்டுகிறார். நானும் நாற்காலி நுனிக்கு வந்தேன் ஐயா, மறைக்கவில்லை. யார் சீக்கிரம் வர வேண்டும் என்று தவித்தேன்? கிளான்காரன்! அந்த வெட்டு அதற்காகத்தான் இருக்கிறது. முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள். நடுவில் வரும் எழுத்து அட்டைகளில், அப்போது அதிபராக இருந்த உட்ரோ வில்சனின் வரலாற்று நூலிலிருந்து மேற்கோள்கள். நான் வரலாறு என்று படமே அடித்துச் சொல்கிறது, நீங்கள் வரலாறு வேண்டாம் என்கிறீர்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுன்டனில் கிளான் மறுபடி தொடங்கியது. டிசம்பரில் அட்லான்டா பத்திரிகையில் பட விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே கிளானுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம். எடிட்டிங் பாடத்தில் இந்த இரண்டு விளம்பரமும் இருக்கணுமா, வேண்டாமா?

‘பிரதி மட்டும் போதும்’ என்று முதலில் முழங்கியவர்களுக்கும் ஒரு காலம் உண்டு. ரான்சம், டேட், வாரன் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர்கள் மூவரும் 1930-இல் பழைய தெற்கின் விவசாய வாழ்வைத் தூக்கிப் பிடித்து வந்த தொகுப்பில் எழுதியவர்கள். அந்தத் தெற்கின் வயல்களில் வேலை செய்தது யார் என்ற கேள்வியை உள்ளே விடாத திறனாய்வு அவர்களுக்கு வசதியாகவும் இருந்திருக்கும். இது என் ஊகம், எதிரணி மறுக்கலாம்.

மணி அடிப்பதற்குள் அடுத்துப் பேச வரும் தம்பிக்கு ஒரு கேள்வி. ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’, 1956. கதை டெக்சாஸில் நடக்கிறது, படம்பிடித்தது யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் வேலியில். கொமாஞ்சி என்ற பூர்வகுடிகளாக வருகிறவர்கள் வேறொரு பூர்வகுடியான நவஹோ மக்கள். அவர்கள் தலைவனாக வருகிறவர் ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்கார நடிகர். படத்துக்குள் மட்டும் இருந்துகொண்டு இதில் எதைக் கண்டுபிடிப்பீர்கள், கண்டுபிடித்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? பதிலைக் கேட்கத்தான் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.