ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் வேண்டுமா?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிறவன் நான். எங்கள் தொழிலில் பாதி நேரம் ஸ்குரூ டிரைவர் பிடிப்போம். மீதி நேரம், "கொஞ்சம் பொறுங்க, அவசரப்பட்டு வாங்கிப் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்போம். அந்த இரண்டாவது வேலையைத்தான் இன்றைக்கு மைக் முன்னால் செய்யப்போகிறேன்.

போன பொங்கல் நோம்பி முடிந்த வாரம், 15 வேலம்பாளையத்தில் (ஊர்ப் பெயரே அப்படித்தான்) இருக்கிற ஒரு பனியன் கம்பெனியிலிருந்து போன். "ஏனுங்க, அக்கவுண்ட்ஸ்ல இருக்கற பொட்டி சுத்தீட்டே கெடக்குதுங்க. ஐ7 பிராசசர் ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க. காசப் பாக்க வேண்டாம்." காசைப் பார்க்க வேண்டாம் என்று எங்கள் ஊர் முதலாளி ஒருவர் சொல்கிறார் என்றால், அந்தப் பெட்டி அவரை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ப் பார்த்தேன். 2016-ல் வாங்கிய மெஷின். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர், அது உட்காருகிற எச்110 மதர்போர்டு, 4 ஜிபி மெமரி, பழைய ஹார்ட் டிஸ்க். வாங்கின காலத்தில் அதில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் மட்டும்தான் ஓடியது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. அடுத்த வருஷம் இ-வே பில். 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ். இப்போது அந்தத் திரையில் டேலியோடு ஜிஎஸ்டி போர்டல் ஒன்று, பேங்க் ஒன்று, மெயில், வாட்ஸப் எல்லாம் காலையிலிருந்து திறந்தபடி கிடக்கின்றன. பெட்டி என்னவோ அதேதான். அதன் தலையில் ஏற்றிய சுமைதான் நாலு மடங்கு.

அங்கே கணக்குப் பார்க்கிற அம்மா சொன்னார்: "பில்லுப் போட்டுட்டுப் போர்டலத் தொட்டா, நானு எந்திரிச்சுப் போயி டீ குடிச்சுட்டே வந்தர்லாமுங்க." அவரைத் தினமும் செய்கிற வேலையையே செய்யச் சொல்லிவிட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் திறந்தது. இதற்குக் கடைக்காரன் வேண்டியதில்லை, நீங்களே பார்க்கலாம். பிராசசர் முப்பது சதவீதத்தைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தது. மெமரி 94. டிஸ்க் 100-லேயே நின்றது.

முதலாளிக்கு இதை அவர் தொழிலிலேயே சொன்னேன். பிராசசர்தான் கட்டிங் மாஸ்டர். மெமரி அவர் துணி விரிக்கிற மேஜை. டிஸ்க் குடோன். மேஜை சின்னதாக இருந்தால் மாஸ்டர் என்ன செய்வார்? இந்தத் துணியைச் சுருட்டிக் குடோனுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த துணி வரும்வரை கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நின்றுகொண்டிருக்கிற மாஸ்டரை நிறுத்திவிட்டு, இன்னும் கெட்டிக்கார மாஸ்டரை அதிகச் சம்பளத்துக்குக் கூட்டிவந்தால், அவரும் வந்து நிற்கத்தான் போகிறார். முதலாளி சிரித்துவிட்டார். "அப்ப மேசையப் பெருசு பண்ணுங்க" என்றார்.

மெமரி வாங்குவதில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் அடியில் இருக்கிற வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. ஆறாம் தலைமுறை போர்டு என்றாலே டிடிஆர்4 என்று நம்பிவிடவும் கூடாது, டிடிஆர்3 போட்ட போர்டுகளும் வந்தன. பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் வாங்குவதுதான் நல்லது. ஒரே மாதிரி இரண்டு போட்டால் இரண்டு தடத்தில் ஓடும், கொஞ்சம் வேகம் கூடும். 4-க்குப் பக்கத்தில் 8 போட்டாலும் குற்றமில்லை. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் மட்டும் எத்தனை ஜிபி போட்டாலும் 4-க்கு மேல் ஏறாது. அதை முதலில் பாருங்கள். பார்க்காமல் போட்டுவிட்டு, "8 ஜிபிக்குக் காசு வாங்கீட்டு 3 ஜிபிதான காட்டுதுங்க" என்று கேட்டவரிடம் நான் திருதிருவென்று முழித்த நாளும் உண்டு.

பெட்டியைத் திறந்தபோதுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது. பிராசசர் மேல் இருக்கிற ஃபேனைக் கழற்றினேன். அதற்கும் அடியில் இருக்கிற அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, விரல் தடிமனுக்குப் பஞ்சு அடை மாதிரி படிந்திருந்தது. நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வந்துவிட்டது. ஃபேன் இறக்கையின் வட்டம்கூட அதில் பதிந்திருந்தது. திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் எந்த ஆபீஸ் பெட்டியைத் திறந்தாலும் இதுதான். காற்றுப் போக வழியில்லை என்றால் சூடு ஏறும். நூறு டிகிரியை நெருங்கும்போது பிராசசர் எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எத்தனை பேர் இந்தப் பஞ்சோடு பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கே வயிறெரிகிறது.

சுத்தம் செய்யக் கம்பெனி கம்ப்ரசர் குழாயைப் பிடித்து அடிக்காதீர்கள், காற்றோடு தண்ணீரும் வரும். புளோயரால் ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசசருக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கிற பழைய பேஸ்ட்டைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். ஊரில் அத்தனை மெக்கானிக் கையிலும் இருக்கிற துணிதான், ஆனால் இந்த ஒரு வேலைக்கு ஆகாது, நூல் ஒட்டும். கண்ணாடி துடைக்கிற துணி போதும். புதுப் பேஸ்ட் பச்சைப்பயறு அளவு வைத்தால் சரி, சந்தனம் பூசுகிற மாதிரி அப்ப வேண்டாம். ஃபேனின் நாலு காலையும் எதிரெதிர் மூலையாக, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். ஒரு கால் சரியாக மாட்டாமல் இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

முதலாளி விடவில்லை. "ஐ7-ம் போட்டுரலாமுங்களா?" போடலாம். அந்தப் போர்டு ஆறாம் தலைமுறை ஐ7-ஐ ஏற்கும், போர்டை எழுப்பிவிடுகிற பயாஸ் புரோகிராமை அப்டேட் செய்தால் ஏழாம் தலைமுறையையும் ஏற்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி. பழைய ஐ7-க்குக் கொட்டுகிற காசு அங்கேயே நின்றுவிடும்.

இதில் நானே சூடு பட்டவன். பிராசசர் உட்காருகிற சாக்கெட்டின் பெயர் 1151 என்று பார்த்தேன், எட்டாம் தலைமுறை ஐ3-க்கும் அதே 1151 என்று பார்த்தேன், வாங்கி இதே மாதிரி எச்110 போர்டு ஒன்றில் வைத்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒரு புள்ளி வெளிச்சமில்லை. ராத்திரி பதினோரு மணிவரை மெமரியை ரப்பரால் தேய்த்துத் தேய்த்து மாட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும். ஆறு, ஏழுக்கு 100, 200 வரிசை. கம்பி எண்ணிக்கை ஒன்று, இணைப்பு வேறு. அன்றைய நஷ்டம் என் கையிலிருந்துதான் போனது.

அந்த 300 வரிசையில் வருகிற எச்310 போர்டில் செலரான் என்கிற சின்ன பிராசசரோ ஐ3-யோ வைத்திருப்பவர் ஒன்பதாம் தலைமுறை ஐ5-க்குப் போவது நியாயமான செலவு. இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. பல பழைய போர்டுகள் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ரைசன் 5000 வரிசை பிராசசர்களை ஏற்கின்றன. அப்டேட்டைப் பழைய பிராசசர் இருக்கும்போதே, யூபிஎஸ் போட்டு முடியுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

15 வேலம்பாளையத்தில் கடைசியில் போட்டது 8 ஜிபி மெமரி இரண்டும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டியும்தான். சாயங்காலம் கிளம்பும்போது அந்த அம்மா பின்னாலேயே வந்தார். "அண்ணா, கழட்டுன பழைய மெமரி எங்கீங்க?" என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பழைய பில் புக் டப்பாவில் போட்டு, மேலே தேதியும் எழுதி வைத்துக்கொண்டார். வணக்கம்.