விலை பேசத் தடை

நேயர்களுக்கு வணக்கம்.

மொத்தமாகச் சரக்கு எடுப்பவர் விலையைக் குறைத்துக் கேட்பது எந்த ஊர்ச் சந்தையிலும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் 2003-இல் ஒரு சட்டம் அதற்கே தடை போட்டது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் மாத்திரைச் செலவையும் சேர்த்த சட்டம் அது. மருந்து கம்பெனிகளுடன் நடக்கும் விலைப் பேச்சில் சுகாதாரத் துறை தலையிடக் கூடாது என்று அதிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இத்தனைக்கும், முன்னாள் ராணுவத்தினருக்கான துறை அப்போதும் விலை பேசித்தான் மருந்து வாங்கிக்கொண்டிருந்தது.

அது நிறைவேறிய விதத்தைக் கேளுங்கள். நவம்பர் 22, விடியற்காலை 3 மணிக்குப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு. 15 நிமிடத்தில் முடிய வேண்டியது ஏறக்குறைய 3 மணி நேரம் இழுத்தது. மசோதா தோற்கும்போல இருந்ததால், குடியரசுக் கட்சித் தலைவர்கள் சொந்தக் கட்சிக்காரர்களையே ஒவ்வொருவராகப் பிடித்து மசியவைத்தார்கள். விடிவதற்குள் 220-க்கு 215 என்று தேறிவிட்டது.

அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் லூசியானா உறுப்பினர் பில்லி டோசான். 2005-இல் பதவிக்காலம் முடிந்த கையோடு மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர் ஆனார். சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. லஞ்சம் என்று யாரும் வழக்குப் போட முடியாது. எனக்கு உறுத்துவதே அதுதான். பெட்டி எதுவும் கைமாறத் தேவையில்லை, நாளைக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது என்று தெரிந்தாலே போதும்.

சரி, எதிர்க்கட்சி? 2008 தேர்தலில் ஒபாமா இதே டோசானைச் சாடி விளம்பரமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஒபாமாவின் வெள்ளை மாளிகை அதே டோசானுடன் உட்கார்ந்து பேசியது. சுகாதாரச் சீர்திருத்தத்துக்குக் கம்பெனிகள் பத்தாண்டுகளில் 8,000 கோடி டாலர் விட்டுக்கொடுக்கும் என்று உடன்பாடு. விலை பேசும் தடையை யாரும் தொடவில்லை.

தடை தளர 2022 ஆயிற்று. அதுவும் செனட்டில் 50-க்கு 50 என்று நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸ் வாக்களித்துத்தான் மசோதா தேறியது. விலை பேச முதலில் தேர்ந்தெடுத்தது பத்தே மருந்துகள். அதில் சர்க்கரை நோய்க்கான ஜனூவியாவின் ஒரு மாதப் பட்டியல் விலை 527 டாலர். பேசிய பிறகு 113. புதிய விலை 2026 ஜனவரி முதல்.

சந்தைக்கு வந்த புதிதில் எந்த மருந்துக்கும் விலை பேச முடியாது. மாத்திரையானால் அனுமதி கிடைத்து 7 ஆண்டுகளாவது கழிய வேண்டும். அந்தக் காலத்தை இன்னும் நீட்டச் சொல்லி, கம்பெனிகள் வாஷிங்டனில் மறுபடியும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.