காதால் தேடும் கேபிள்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தப் பேச்சை மீடியம் வேவ் டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ரேடியோவை மேசைமேல் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் என் குரல் தெளிவாக வரும். அங்கிருந்து கால் வட்டம் திருப்பினால் குரல் மங்கி இரைச்சல் மேலே வரும். உள்ளே கருப்பாக ஒரு ஃபெரைட் குச்சி, அதன்மேல் மெல்லிய கம்பிச் சுருள். காந்தப்புலம் குச்சியின் நீளவாக்கில் போனால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், குறுக்கே போனால் பிறக்காது. மண்ணுக்குள் புதைந்த கேபிளைத் தேடும் கைக்கருவி முழுக்க முழுக்க இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் இருக்கிறது. எஃப்.எம்.மிலோ போனிலோ கேட்பவர்கள் நான் சொல்வதை நம்பிக்கொள்ளுங்கள், சரியா?

கையில் கருவியோடு நான் நடப்பதைப் பார்ப்பவர்கள், அது மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி என்று நினைக்கிறார்கள். இல்லை. செம்பு, அலுமினியம் எதுவும் அதற்குத் தெரியாது. கேபிளில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் தன்னைச் சுற்றி எழுப்பும் காந்தப்புலம் மட்டும்தான் அதற்குத் தெரியும். மின்னோட்டம் ஓடாத கேபிள், கருவியைப் பொறுத்தவரை, அங்கே இல்லவே இல்லை. தெருவிளக்குக் கேபிள் பகலில் ஊமை. அதைவிட வேடிக்கை, நல்ல லோடு ஓடும் கேபிள்கூடச் சில சமயம் ஊமையாக இருக்கும். உள்ளே இருக்கும் மூன்று கோர்களும், அதாவது காப்புறை போட்ட கம்பிகளும், முறுக்கி ஒன்றாக இருப்பதால், லோடு சமமாக இருந்தால் ஒன்றின் புலத்தை மற்றவை அழித்துவிடும். ஆகவே "கருவி கத்தவில்லை, தோண்டலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை முதலில் குழியை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.

ரிசீவரை, அதாவது இந்தக் கைக்கருவியை, மட்டும் எடுத்துக்கொண்டு தேடும்போது இரண்டு வகையான சத்தத்தைத் தேடலாம். ஒன்று, மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம். மற்றொன்று எனக்கு மிகவும் பிடித்தது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்காக மிகத் தாழ்ந்த அலைவரிசையில், சுமார் 15 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை, சக்திவாய்ந்த நிலையங்கள் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த அலைகள் மண்ணுக்குள்ளும் இறங்கி, நீளமாகக் கிடக்கும் எந்த உலோகத்திலும் ஒரு சிறு மின்னோட்டத்தைக் கிளப்புகின்றன. ரிசீவரை ரேடியோ நிலையில் வைத்தால் அது கேட்கும். யாருக்கோ போகும் ரகசியச் செய்தி நமக்குக் கேபிளின் பாதையைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அது எந்தக் கேபிள், யாருடைய கேபிள் என்று சொல்லாது.

அதைச் சொல்ல வைக்க டிரான்ஸ்மிட்டர் வேண்டும். நாமே குறிப்பிட்ட அலைவரிசையில் ஒரு மின்னோட்டத்தை, ஒரு சுருதியை, கேபிளில் ஏற்றி, அதே சுருதியை ரிசீவரில் தேடுகிறோம். ஏற்றுவதற்கு மூன்று வழி. நேரடியாகக் கம்பியில் இணைக்கலாம், கேபிளைச் சுற்றிக் கவ்வும் கிளாம்பைப் போடலாம், அல்லது கேபிளுக்கு மேலே தரையில் டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தூண்டலாம். இதில் நேரடி இணைப்புதான் நல்லது. அதற்குக் கேபிளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் சிவப்புக் கிளிப்பை ஒரு கோரிலும் கருப்புக் கிளிப்பை அதே கேபிளின் இன்னொரு கோரிலும் மாட்டுவார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கோரில் போகும் மின்னோட்டம் பக்கத்துக் கோர் வழியே திரும்பிவிடுவதால் வெளியே புலம் ஏறக்குறைய பூஜ்யம். கருப்புக் கிளிப் மண்ணில் அடித்த முளைக்குப் போக வேண்டும். அந்த முளையைக் கேபிள் பாதைக்குச் செங்குத்தாக, கம்பி எட்டும் தூரம் வரை தள்ளி அடிக்க வேண்டும். முளைக்குப் போகும் கம்பி வேறொரு குழாயையோ கேபிளையோ தாண்டிப் போகக்கூடாது. தாண்டினால் சுருதி அதிலும் ஏறிக்கொள்ளும்.

தரையில் வைத்துத் தூண்டும் முறையில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், அவசரத்தில், கேபிள் முனையைத் தேடித் திறக்கச் சோம்பல்பட்டு டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்து 33 கிலோஹெர்ட்ஸ் போட்டேன். ரிசீவர் அருமையாகக் கத்தியது. ஐம்பது அறுபது மீட்டருக்குப் பெயின்டால் கோடு போட்டேன், நேர்க்கோடு, பார்க்கவே அழகாக இருந்தது. தோண்டினால் இரும்புத் தண்ணீர்க் குழாய். கேபிள் அதற்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி, இன்னும் ஆழத்தில் கிடந்தது. அலைவரிசை கூடக் கூடச் சுருதி பக்கத்து உலோகத்துக்குத் தாவுவது எளிதாகும். 512 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதி அப்படித் தாவாது, வெகுதூரமும் போகும். ஆனால் அதைத் தூண்டி ஏற்ற முடியாது, நேரடி இணைப்பு வேண்டும். 8 கிலோஹெர்ட்ஸ் இடைப்பட்டது, என் பையில் அதிகம் உழைப்பது அதுதான். இன்னொன்றும் அன்று கற்றுக்கொண்டேன். சத்தம் பெரிதாக இருக்கும் கோடு நம் கேபிள் ஆகிவிடாது. மேலாகக் கிடக்கும் குழாயில் கொஞ்சம் மின்னோட்டம் ஓடினாலே ஆழத்தில் கிடக்கும் கேபிளை அமுக்கிவிடும். பல ரிசீவர்கள் மின்னோட்டத்தின் அளவையே மில்லியாம்பியரில் காட்டும். எதில் மின்னோட்டம் அதிகமோ, பெரும்பாலும் அதுதான் நாம் இணைத்தது.

சரி, கேபிள் கிடைத்துவிட்டது, சரியாக எந்த இடம்? ரிசீவருக்குள் ஒரு சுருள் படுத்திருக்கும், இன்னொன்று நின்றிருக்கும். படுத்த சுருள் கேபிளுக்கு நேர் மேலே உச்சச் சத்தம் தரும். நின்ற சுருள் அதே இடத்தில் மௌனமாகும். மௌனத்தைக் காதால் பிடிப்பது சுலபம் என்பதால் பலர் அதையே நம்புகிறார்கள். ஆனால் பக்கத்தில் இன்னொரு கேபிள் இருந்தால் முதலில் ஏமாறுவது அந்த மௌனம்தான். இரண்டு முறையிலும் குறித்துப் பாருங்கள். இரண்டு புள்ளியும் ஒன்றாக விழுந்தால் நிம்மதி. விலகினால் புலம் கோணலாக இருக்கிறது, கேபிள் உச்சப் புள்ளிக்குத்தான் அருகில் இருக்கும், அந்த இடத்தில் ஆழக் கணக்கையும் நம்பாதீர்கள்.

ஆழம் திரையிலேயே எண்ணாக வரும். எனக்கு அந்த எண்ணைவிடப் பழைய 45 பாகை முறையில்தான் பிடிப்பு. ரிசீவரை மௌன நிலையில் வைத்து, 45 பாகை சாய்த்து, தரையை ஒட்டியபடி கோட்டிலிருந்து செங்குத்தாக விலகிப் போக வேண்டும். சுருளின் முனை நேராகக் கேபிளைப் பார்க்கும் இடத்தில் சத்தம் நின்றுவிடும். கோட்டிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரமோ அதுதான் ஆழம். மறுபக்கமும் போய் அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போனாலும் கடைசி அடிகளை மண்வெட்டியால் கையாலேயே தோண்டுங்கள், இயந்திரம் வேண்டாம்.

இனி பழுது. பாதையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை என்றால், அந்தப் பாதையில் எந்த இடத்தில் கேபிள் கெட்டிருக்கிறது என்பது முற்றிலும் வேறு வேலை. கருவியை எடுப்பதற்கு முன்னால் காப்புத் தடையை அளக்கும் மெகரையும் மல்டிமீட்டரையும் எடுக்க வேண்டும். கோர் அறுந்திருக்கிறதா, கோரும் கோரும் ஒட்டியிருக்கிறதா, மண்ணோடு ஒட்டியிருக்கிறதா, ஒட்டியிருந்தால் தடை எவ்வளவு? இந்தப் பதில்தான் அடுத்த கருவியைத் தீர்மானிக்கும். இதைச் செய்யாமல் நேராகக் களத்தில் இறங்கி நாள் முழுக்க நடந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

அறுந்த கோருக்கும், நன்றாக ஷார்ட் ஆன கோருக்கும் டிடிஆர் என்ற எதிரொலிக் கருவி போதும். பாறையைப் பார்த்துக் கூவிவிட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை எண்ணுவதுபோல, அது கேபிளுக்குள் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். அறுந்த இடத்திலிருந்து எதிரொலி மேல்நோக்கிய மேடாக வரும், ஷார்ட்டிலிருந்து கீழ்நோக்கிய பள்ளமாக வரும். துடிப்பு கேபிளில் ஒளியின் வேகத்தில் போவதில்லை. எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்புப் போட்ட கேபிளில் ஒரு மைக்ரோ வினாடிக்கு 160 முதல் 170 மீட்டர் வரை போகும். எதிரொலி 5 மைக்ரோ வினாடியில் திரும்பினால், போகவர ஆகும் தூரத்தைப் பாதியாக்கி, 160 என்று வைத்தால் பழுது 400 மீட்டரில். 170 என்று வைத்தால் 425 மீட்டரில். ஒரு எண் மாறியதற்கே 25 மீட்டர் தோண்ட வேண்டிவரும். அதனால் மறுமுனைக்கும் போய் அளந்து பார்ப்பது நல்லது. இரண்டு தூரமும் சேர்ந்து கேபிளின் மொத்த நீளம் வர வேண்டும். வராவிட்டால் வேகத்தைத் திருத்த வேண்டும். அப்புறம், டிடிஆர் சொல்வது கேபிளின் நீளம், தரையின் நீளம் அல்ல. புதைத்தவர்கள் ஜாயின்ட் பக்கத்தில் சுருட்டி விட்டுப்போன உபரிக் கேபிளும் அதில் அடக்கம்.

டிடிஆர் திரையில் நல்ல கோரில் எடுத்த கோட்டையும் கெட்ட கோரில் எடுத்த கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஜாயின்ட்டுகள் தரும் மேடுபள்ளம் இரண்டிலும் இருக்கும். இரண்டும் பிரியும் இடம்தான் நமக்கு வேண்டியது. பழுதின் தடை சில நூறு ஓமைத் தாண்டிவிட்டால் அந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

மண்ணோடு ஒட்டிய பழுதுக்கு ஏ-ஃபிரேம் இருக்கிறது. இரண்டு கூர்முனைகள் கொண்ட சட்டம், நடைபோடும் கவை மாதிரி இருக்கும். கெட்ட கோருக்கும் மண்ணுக்கும் இடையே டிரான்ஸ்மிட்டரை இணைத்தால், சுருதி பழுதின் வழியாக மண்ணுக்குள் கசிந்து பரவும். சட்டத்தைக் குத்திக் குத்திப் போகும்போது இரண்டு முனைக்கும் இடையிலான மின்னழுத்தத்தைப் பார்த்து, முன்னே போ, பின்னே வா என்று அம்பு காட்டும். பழுது இரண்டு முனைக்கும் நடுவில் வந்தால் அளவு விழுந்துவிடும், ஓர் அடி தாண்டினால் அம்பு திரும்பிவிடும். இங்கே இரண்டு கண்ணிகள். மறுமுனையில் எர்த் கழற்றப்படாமல் இருந்தால் சுருதி முழுக்க அந்த வழியாகவே இறங்கிவிடும். இரண்டாவது, நீங்கள் அடித்த முளையைச் சுற்றியும் மண்ணில் அளவு அதிகமாகத்தான் காட்டும், பழுது காலடியிலேயே இருக்கிறது என்று குதிக்காதீர்கள். தார்ச்சாலையாக இருந்தால் முனைகள் இறங்காது. தண்ணீர் ஊற்றியோ ஈரப் பஞ்சை முனையில் கட்டியோ பாருங்கள்.

தடை அதிகமான, உயர் அழுத்தம் வந்தால் மட்டும் பொறி தட்டும் பழுதுகளுக்கு சர்ஜ் ஜெனரேட்டர் வேண்டும். அது பல ஆயிரம் வோல்ட்டை ஒரே தட்டாகத் தட்டும். பழுதில் பொறி வெடிக்கும், மண்ணில் 'டொக்' என்று சத்தம் எழும். கையில் இருக்கும் ரிசீவர் காந்தத் துடிப்பையும் அந்தச் சத்தத்தையும் தனித்தனியாகப் பிடிக்கும். காந்தம் உடனே வந்துவிடும், சத்தம் மண்ணில் நடந்துவரும். இரண்டுக்கும் இடைவெளி எங்கே மிகக் குறைவோ அங்கேதான் பழுது. கேபிள் குழாய்க்குள் போகிறது என்றால் கவனம். சத்தம் குழாய் வழியே ஓடி அதன் இரண்டு வாயிலும் கேட்கும்.

அந்தத் தட்டல் நீண்டால் பழைய கேபிள் வேறு இடத்திலும் பிய்ந்துபோகும். இது புதிய பாடமில்லை. 1858-இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் தந்திக் கேபிள் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்தது. அதில் கேபிள் நிறுவனத்தின் மின்னியலாளர் வைல்ட்மேன் ஒயிட்ஹவுஸ் சுமார் 2000 வோல்ட் ஏற்றினார். சில வாரங்களிலேயே கேபிள் மௌனமாகிவிட்டது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் எதிர்வழியில் போனார். மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காட்டும் ஆடிக் கால்வனாமீட்டரைக் கொண்டு, கேபிளை அதட்டாமல் காது கொடுத்துக் கேட்கப் பார்த்தார். நான் தாம்சன் கட்சி.

ஃபைபர் கேபிள் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. அதில் உலோகக் கவசமோ கூடவே புதைத்த கம்பியோ இல்லையென்றால் இந்த ரிசீவருக்கு அது கண்ணாடி நூல்தான், ஒன்றும் கேட்காது.

கடைசியாக, பழுதைக் கண்டுபிடித்து ஜாயின்ட் போட்ட பிறகு குழியை உடனே மூடிவிடாதீர்கள். ஒருமுறை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன், மறுநாள் காலையில் சப்ளை கொடுத்ததும் கேபிள் மறுபடி விழுந்தது. முதல் பழுதுக்கு நாற்பது மீட்டர் தள்ளி இரண்டாவது பழுது இருந்திருக்கிறது. பெரிய கசிவு இருக்கும்வரை சுருதி முழுக்க அதன் வழியே போனது, சின்னக் கசிவு வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து ஜாயின்ட் ஆறியதும் மெகர் வைத்துப் பார்த்து, கேபிளில் தங்கிய மின்னேற்றத்தை எர்த் கம்பியால் இறக்கிவிட்டு, ஜாயின்ட்டின் இடத்தை வரைபடத்தில் குறித்த பிறகுதான் மண் தள்ளச் சொல்கிறேன்.

வணக்கம்.